ஏரியில் மிதந்த முக்கால் கை

ஜாக்கெட் தைப்பவர்கள் இரண்டு பொய் சொல்லாமல் தொழில் நடத்த முடியாது. முதல் பொய், "செவ்வாய்க்கிழமை வாங்க, ரெடியா இருக்கும்." இதை யாரும் நம்புவதில்லை என்பதால் இது பாவத்தில் சேராது. இரண்டாவது பொய், "துணி பத்தலைக்கா." இதை எல்லோரும் நம்புவார்கள். இந்த இரண்டாவது பொய்யை நான் ஏறக்குறைய மூன்று வருஷம் சொன்னேன். சொன்னதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சொன்ன பொய்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ஏழடி உயரத்துக்குச் சுவரில் தொங்கவிட்டு, ஏமாந்த அத்தனை பேரையும் "வந்து பாருங்க" என்று கூப்பிட்டு வைத்த ஒரே தையற்காரி, எனக்குத் தெரிந்து, நான்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே எங்கள் வீடு. முன்னறையில் ஒரு மிஷின், ஒரு கட்டிங் மேசை, வாசலில் 'கஸ்தூரி லேடீஸ் டெய்லர்ஸ்' என்று போர்டு. (பன்மையில் போட்டிருந்தாலும் உள்ளே இருந்தது நான் ஒருத்திதான்.) அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கணவர் சேகர் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வெல்டர். காலையில் சைக்கிளை எடுத்தால் சாயங்காலம் புகை வாசனையோடு வருவார்.

பக்கத்து வீட்டு மாடிப் போர்ஷனுக்கு ஜமீலாக்கா குடிவந்தார். அவர் கணவருக்குப் பல்லாவரத்தில் தோல் பை வியாபாரம். அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். முதல் தடவை கடைக்கு வந்தபோது கையில் துணியே இல்லை. மேசைக்கு அடியில் கிடந்த வெட்டுத்துண்டு மூட்டையைக் காட்டினார்.

"இதை என்னம்மா செய்வீங்க?"

"தலகாணிக்குள்ள அடைப்பேன்க்கா. மீதி குப்பைக்குத்தான்."

"நான் எடுத்துக்கட்டா?"

மூட்டையோடு போனார். ஒரு மாசம் கழித்து வந்து, ஒரு தலையணை உறை அளவுக்கு ஒரு துணியை என் மேசை மேல் விரித்தார். அதில் ஒரு மைனா நின்றது. வரைந்தது இல்லை, எம்பிராய்டரியும் இல்லை. முழுக்க முழுக்க நான் வெட்டிப் போட்ட துண்டுகள். யாரோ ஒருத்தியின் காபிப்பொடி நிற ரூபியா ஜாக்கெட் துணி அதற்கு முதுகு, ஒரு கறுப்புப் பாப்ளின் அதற்குத் தலை. கண்ணைச் சுற்றி நகக்கண் அளவுக்கு மஞ்சள். கொட்டிக் கிடக்கும் அரிசியைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று மைனா ஒரு தரம் தலையைச் சாய்க்குமே, அந்தச் சாய்வு அப்படியே இருந்தது. நான் வாயைப் பிளந்ததில், உதட்டில் கவ்விக்கொண்டிருந்த நாலு குண்டூசியும் கீழே விழுந்தன.

பல் டாக்டரிடம் காத்திருந்தபோது ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் இந்த வேலையைப் பார்த்தாராம். மேலே துண்டுகளைச் சேர்த்துத் தைத்த துணி, நடுவில் மெல்லிய பஞ்சு, அடியில் காடாத்துணி. மூன்றையும் சேர்த்துக் கையாலேயே பொடிப்பொடியாக ஓட்டுத் தையல்.

"பாக்கறதுக்குப் போர்வை மாதிரிதான் கஸ்தூரி. ஆனா போத்திக்கறதுக்கு இல்ல, சுவத்துல மாட்டறதுக்கு. குயில்ட்டுன்னு பேரு."

அன்று சாயங்காலம் சேகரிடம் மூச்சுவிடாமல் இதைச் சொன்னேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "மைனான்னு சொன்ன, இப்ப குயிலுங்கற. ஏதாவது ஒண்ணு சொல்லு" என்றார்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு மூட்டை மாடிக்குப் போனது. ஜமீலாக்கா பெரிதாக ஒன்றை ஆரம்பித்தார். எங்கள் தெருக்கோடி ஏரி. மழை வருவதற்குக் கொஞ்சம் முன்னால், மலை கறுத்து, தண்ணீர் நிறம் மாறும் நேரம். மத்தியானத்தில் மிஷினை மூடிவிட்டு நான் மாடிக்குப் போய் அவர் தைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு துண்டை வைப்பார், எடுப்பார், திருப்பி வைப்பார், ஒரு பெருமூச்சு விடுவார்.

"இந்த நீலம் மட்டும் இன்னும் ஒரு சாண் இருந்திருந்தா..."

அந்தப் பெருமூச்சுதான் என்னைக் கெடுத்தது. என் கண் முன்னால் ஒரு ஏரி உருவாகிக்கொண்டிருக்கிறது, அது ஒரு சாண் துணிக்காக நிற்பதா? அடுத்த முறை அதே நீலத்தில் ஒருத்தி ஜாக்கெட் தைக்கக் கொடுத்தபோது, என் கத்தரிக்கோல் தானாகவே கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனது. (தானாகவே என்றுதான் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன்.) உடம்பு பெருத்தால் பிரித்துக்கொள்ள உள்ளே விடும் துணியில் ஒரு விரல்கடை. முதுகில் ஒரு சின்ன ஒட்டு. முக்கால் கை கேட்டவர்களுக்கு அரைக் கை, அரைக் கை கேட்டவர்களுக்குக் குட்டைக் கை. "துணி பத்தலைக்கா, அகலம் கம்மி." அந்த மூன்று வருஷத்தில் குரோம்பேட்டைப் பெண்களின் கைகளில் கூடுதலாக வெயில் பட்டிருந்தால் அதற்கு நானே பொறுப்பு.

ஜமீலாக்கா ஒவ்வொரு மூட்டையை வாங்கும்போதும் ஒரே கேள்விதான் கேட்பார். "மீந்ததுதானே கஸ்தூரி?"

"மீந்ததுதான்க்கா."

ஏரி முடிந்த சமயத்தில், தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் பெண்களின் கைவேலைக் கண்காட்சி நடக்கப்போவதாக நோட்டீஸ் வந்தது. ஜமீலாக்கா தயங்கினார். நான்தான் விடாப்பிடியாகப் பெயர் கொடுக்க வைத்தேன். உடனே டைப் அடித்த ஒரு தாள் வந்தது. ஓரங்கள் நேராக இருக்கவேண்டும். நூலோ முடியோ ஒட்டியிருக்கக் கூடாது. கம்பி நுழைத்து மாட்டுவதற்கு, பின்பக்கம் மேல் ஓரத்தில் ஒரு நீளக் குழாய் போலத் துணி தைத்திருக்கவேண்டும். பின்னால், செய்தவர் பெயரைத் தைத்த பெயர்த் துணி இருக்கவேண்டும்.

"குழாய்தானே, நான் தச்சுடறேன்" என்றேன். எத்தனை ஜாக்கெட்டுக்குக் கை வைத்தவள்!

தைத்துக் கொடுத்தேன். ஜமீலாக்கா முன்பக்கத்தை உள்ளங்கையால் மெதுவாகத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டுதான் தடவினார். "இங்க ஊசி முன்னால வந்திருக்கு" என்று ஒரு இடத்தில் விரலை வைத்தார். குனிந்து பார்த்தால், எறும்புக் கண் அளவுக்கு என் நூல் தெரிந்தது. முழுக்கப் பிரித்தேன். மறுபடி தைத்தேன். மறுபடி தடவினார். மூன்றாவது தடவைதான் கை நிற்காமல் போனது. அதற்குள் தொழிலில் எனக்கிருந்த கர்வத்தில் பாதி போய்விட்டது.

ஓரத்தை நேராக்க, குயில்ட்டைத் தரையில் விரித்து மொசைக் கட்டங்களின் கோட்டோடு வைத்துப் பார்த்தோம். ஒட்டும் டேப்பைக் கையில் தலைகீழாகச் சுற்றிக்கொண்டு, முழங்காலில் தவழ்ந்து ஒவ்வொரு முடியாக எடுத்தேன். சேகர் பட்டறையிலிருந்து ஒரு கம்பி கொண்டுவந்தார். அதில் யானையை மாட்டலாம். திருப்பி அனுப்பி, அலுமினியத்தில் ஒன்று வாங்கிவரச் சொன்னோம். ஆனால் ஒரு விஷயம் எங்களுக்கு உறைக்கவே இல்லை. அக்காவின் அறை பத்தடிக்குப் பத்தடி. அந்த ஏரியை அது வரைக்கும் யாருமே, தைத்தவர்கூட, நிறுத்தி வைத்துத் தள்ளி நின்று பார்த்ததில்லை.

கண்காட்சிக்கு மூன்று நாள் முன்னால் என் புத்தி வேலை செய்தது. கடை வாசலில் ஒரு சார்ட் பேப்பரைத் தொங்கவிட்டேன். பச்சை ஸ்கெட்ச் பேனாவில் நானே எழுதியது: 'வாடிக்கையாளர்கள் அனைவரும் வருக! மாபெரும் துணி ஓவியம்! முழுக்க முழுக்க நம் கடைத் துணிகள்!' கடைசி வரிக்கு மட்டும் சிவப்பில் அடிக்கோடு. திருடன் இவ்வளவு தெளிவாகத் தன் கையெழுத்தில் வாக்குமூலம் கொடுத்து எந்த ஸ்டேஷனிலும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை காலை. மடித்தால் கோடு விழும் என்று குயில்ட்டைக் கம்பியோடு உருட்டி, சேகரின் வெள்ளை வேட்டியால் சுற்றி, மூன்று இடத்தில் கட்டினோம். ஆட்டோக்காரர் இறங்கி வந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார்.

"இன்னாக்கா இது, பாடியா?"

"ஐயோ, போர்வைங்க!"

"போர்வைய ஏன்க்கா இப்பிடிக் கட்டிகினு வர்ற? பேஜாரா கீது."

இரண்டு பக்கமும் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ஜமீலாக்காவும் நானும் அதை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்தோம். சேகர் பின்னால் சைக்கிளில் வந்தார். சானடோரியம் சிக்னலில் ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். ஜமீலாக்கா குனிந்துகொண்டார். துக்கத்தில் அழுகிறார் என்று அந்தப் பெரியவர் நினைத்திருப்பார். அக்கா அழவில்லை. அவர் அப்படிக் குலுங்கிச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

ஹாலில் எங்களுக்குக் கொடுத்திருந்தது கடைசிச் சுவர். சேகர் ஸ்டூல் மேல் ஏறிக் கம்பியைக் கொக்கிகளில் மாட்டினார். உருளை பிரிந்து சரசரவென்று கீழே இறங்கியது. நான் பக்கத்தில் நின்று ஓரத்தை நீவிவிட்டேன். என் கண்ணுக்கு ஜாக்கெட் துண்டுகள்தான் தெரிந்தன. இது மல்லிகாவுடையது, இது போஸ்ட் ஆபீஸ் அம்மாவுடையது என்று பார்த்துக்கொண்டே, கோணலாக இருக்கிறதா என்று பார்க்கப் பின்னால் நடந்தேன். நடந்துகொண்டே போய், எதிர்ச் சுவரில் முதுகு முட்டியபோது நின்றேன்.

துணியைக் காணோம். ஏரி இருந்தது.

மலைக்குப் பின்னால் மழை நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் மேல் காற்று ஓடுவது தெரிந்தது. மேகத்துக்குள் ஒரு கிழிசல். அதிலிருந்து வெளிச்சம் விழுந்து, தண்ணீரின் நடுவே ஒரே ஒரு இடம் மட்டும் வெள்ளியாக மின்னியது. எனக்குக் கை மயிர் சிலிர்த்துவிட்டது. கொடியில் துணி காய்கிறதே, எடுக்க ஓடவேண்டுமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. திரும்பினால் ஜமீலாக்கா என் பக்கத்தில் நிற்கிறார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார்.

"நானா கஸ்தூரி இதைச் செஞ்சேன்?" என்றார் மெதுவாக.

சேகர் ஸ்டூலிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். தோளைத் தேய்த்துக்கொண்டார். "குளுருது" என்றார்.

மத்தியானத்துக்கு மேல் என் வாடிக்கையாளர்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவள் மல்லிகா. எங்கள் பக்கத்துப் பழைய ஊர்க்காரக் குடும்பம். அவள் ரகசியம் பேசினால் ரெண்டு தெருவுக்குக் கேட்கும். நேராகப் போய் மூக்கு இடிக்கிற மாதிரி நின்றாள்.

"அடியே கஸ்தூரி! இங்க கீது பாரு என் வளைகாப்பு ஜாக்கெட்டு!"

ஹாலே திரும்பியது. எனக்கு ஒரே பெருமை. "ஆமா மல்லிகா, அந்த மலையே நீதான்" என்றேன். அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்து தன் துணியைத் தேடினார்கள். "இது நானு!" "என் பச்சை இங்க!" என்று ஒரே கூச்சல். நான் நடுவில் நின்று கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். முட்டாளுக்கு அதைவிட நல்ல மேடை கிடைக்காது.

அப்போது பத்மாவதி டீச்சர் வந்தார். பாதி குரோம்பேட்டைக்கு அவர் அறிவியல் டீச்சர், முழு குரோம்பேட்டைக்கும் அவரிடம் பயம். தடித்த கண்ணாடி. கூட்டம் தானாக விலகியது. குயில்ட்டுக்கு மிக அருகில் போய், நடுவில் மின்னிய அந்த வெள்ளிச் சாம்பல் பட்டின் மேல் விரலை வைத்தார்.

"இது என்னோட பட்டு."

"ஆமா டீச்சர்!" என்றேன், பல்லெல்லாம் தெரிய.

அவர் சாணால் அளந்தார். ஒரு சாண். கொஞ்சம் தள்ளி இன்னொரு முக்கால் சாண்.

"முக்கால் கை கேட்டேன். துணி பத்தலைன்னு குட்டைக் கை வெச்சுக் குடுத்த. என் தம்பி மகன் கல்யாணம் முழுக்க நான் முந்தானையப் போத்திக்கிட்டே நின்னேன். அந்தக் கை இதோ, இங்க ஏரியில மிதக்குது."

யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் காதில் மிஷின் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மல்லிகாதான் மெதுவாக, அதாவது அவள் மெதுவாக, கேட்டாள்: "இரு... எனக்கும் துணி பத்தலன்னு முதுவுல ஒட்டுப் போட்டுத்தான குடுத்த?" "எனக்குப் பிரிக்கவே துணி விடலை!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கொஞ்ச நேரம் முன்பு "இது நானு" என்று காட்டிய விரல்கள் எல்லாம் இப்போது என்னைக் காட்டின.

எனக்கு அவர்களைப் பற்றிக்கூடப் பயமில்லை. ஜமீலாக்காவைத்தான் பார்க்க முடியவில்லை.

"மீந்ததுன்னு சொன்னியே கஸ்தூரி."

"மீந்தது இல்லக்கா..." கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "நான் மீத்தது."

அவர் என்னைத் திட்டவில்லை. பையிலிருந்து தன் சின்னக் கத்தரிக்கோலை எடுத்தார். சேகரைப் பார்த்து, "தம்பி, ஸ்டூலைக் கொஞ்சம் இப்பிடிப் போடுங்க" என்றார். பிறகு டீச்சரிடம் திரும்பினார்.

"மன்னிச்சிடுங்க டீச்சர். எனக்குத் தெரியாது. உங்க துணிய நான் பிரிச்சுத் தந்துடறேன். கிழியாம எடுக்கணும், பத்து நிமிஷம் ஆகும்."

"குடுங்க" என்றார் டீச்சர்.

ஜமீலாக்கா ஸ்டூல் மேல் ஏறினார். மூன்று வருஷம் கண் வலிக்கத் தைத்தவர். முதல் தையலுக்கு அடியில் கத்தரி முனையை நுழைத்தார். டிக். நூல் அறுந்த சத்தம் அந்த ஹாலில் கேட்டது என்றால் நம்பமாட்டீர்கள். நான் "அக்கா, வேணாம்க்கா" என்று அழுதேன். அவர் திரும்பவே இல்லை. டிக். மிச்சத்தையும் அவர் பிரித்துக் கொடுத்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பது பேருக்கு முப்பது துண்டு. ஏரி முழுவதும்.

கண்காட்சி நடத்திய அம்மாள் ஓடிவந்து, "ஸ்டூல் சாஞ்சிடப் போகுது, எல்லாரும் தள்ளிப் போங்க, பின்னால போங்க" என்று கையை விரித்துக் கூட்டத்தைத் தள்ளினார். கூட்டத்தோடு டீச்சரும் பின்னால் நகர்ந்தார். எதிர்ச் சுவர் வரைக்கும் போனார்கள். அங்கே போய் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

டிக்.

"நிறுத்துங்க" என்றார் டீச்சர். வகுப்பறைக் குரல். ஜமீலாக்காவின் கை அப்படியே நின்றது.

டீச்சர் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மல்லிகா வாயைத் திறந்தாள். முதல் தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"அது நம்ம ஏரியா?" என்று டீச்சர் கேட்டார்.

"ஆமா டீச்சர். எங்க மாடியிலேர்ந்து பாத்தா தெரியும்" என்றார் ஜமீலாக்கா, ஸ்டூலிலிருந்தே.

"முப்பது வருஷமா அதைத் தாண்டித்தான் ஸ்கூலுக்குப் போறேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்த இடத்துல என் துணிய எடுத்துட்டா வெளிச்சம் போயிடும் இல்ல?" என்றார்.

ஜமீலாக்கா நூல் அறுந்த இடத்தை உள்ளங்கையால் மூடினார்.

"அங்கேயே இருக்கட்டும். அறுத்த நூலைத் தச்சிடுங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். அந்த நொடியில் அவரிடம் படித்த பாதி குரோம்பேட்டையில் நானும் ஒருத்தியாகி, எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டேன்.

"என் கைக்கு என்ன வழி?"

"புதுசா வெச்சுத் தரேன் டீச்சர்."

"எந்தத் துணியில?"

அப்போதுதான் ஹால் சிரித்தது. மல்லிகா சிரித்த சிரிப்பில் பக்கத்து ஸ்டாலில் ஒரு சிப்பிப் பொம்மை கீழே விழுந்தது.

அன்று சாயங்காலம் வரைக்கும் ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை. வருகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் போய், "இங்க நின்னு பாருங்க" என்று காட்டினார்கள். அந்த வேலையை அதிகாரத்தோடு செய்தவர் டீச்சர்.

ஜமீலாக்கா என்னோடு ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாவது நாள் மாடிக்குக் கூப்பிட்டார். குயில்ட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பழைய பெயர்த் துணியை எடுத்துவிட்டுப் பெரிதாகப் புதிதாய் ஒன்று வைத்திருந்தார். மேலே 'துணி தந்தவர்கள்' என்று நீல நூலில் தைத்து, அதற்கடியில் முப்பத்தொரு பெயர். முதல் பெயர் பத்மாவதி டீச்சர். எல்லாவற்றுக்கும் கீழே, தனியாக, சிவப்பு நூலில் ஒரு வரி: 'துணி எடுத்தவள்: கஸ்தூரி.'

"சரிதானே?" என்றார்.

"சரிதான்க்கா" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் நான் கொஞ்சம் அழுதேன்.

இன்றைக்கும் நான் துணி வெட்டும்போது வாடிக்கையாளர்கள் மேசைக்குப் பக்கத்தில் நிற்பார்கள். அம்மாக்கள் மகள்களுக்குச் சொல்லி அனுப்பும் விதி அது. வீட்டில் நிலைமை இன்னும் மோசம். சாவியைக் காணோம் என்றாலும், டப்பாவில் முறுக்கு குறைந்தாலும், சேகரும் என் மகளும் ஒரே குரலில், "ஏரியில போய்த் தேடு" என்பார்கள்.

மகளுக்குக் கல்யாணமாகி மாப்பிள்ளை முதல் தடவை சாப்பிட வந்தார். உருளைக்கிழங்கு வறுவல் இன்னும் கொஞ்சம் கேட்டார். தீர்ந்துவிட்டது என்று நான் கையைப் பிசைந்தேன். சேகர் தட்டிலிருந்து தலை தூக்காமல், "ஏரியில கேட்டுப் பாருங்க மாப்ள" என்றார். பாவம், அந்தப் பிள்ளை எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மகள் சிரித்துப் புரையேறினாள். வேறு வழியில்லாமல், என் கதையை என் வாயாலேயே முதல் வரியிலிருந்து அவருக்குச் சொன்னேன். மரியாதையாக, சிரிக்காமல், முழுக்கக் கேட்டார். அன்று அவர் போட்டிருந்தது நான் தைத்துக் கொடுத்த ஜிப்பா. கதை முடிந்ததும், யாருக்கும் தெரியாமல் செய்கிற நினைப்பில், அதன் வலது கையை மணிக்கட்டு வரைக்கும் ஒருதரம் இழுத்துப் பார்த்துக்கொண்டார்.